ஞாயிறு நாளிதழ் கூப்பன்: வெட்டுவது, அடுக்குவது, காத்திருப்பது

அமெரிக்காவுக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் மளிகைக் கடையில் முதலில் தடுமாறுவது விலையில்தான். ஊரில் எந்தப் பொட்டலத்தைத் திருப்பினாலும் எம்.ஆர்.பி. அச்சிட்டிருக்கும், அதற்கு மேல் யாரும் கேட்க முடியாது. இங்கே பொட்டலத்தின் மேல் விலையே இருக்காது. அலமாரி விளிம்பில் ஒட்டியிருக்கும் சீட்டுதான் விலை. அந்தச் சீட்டு வாராவாரம் மாறும். போன வாரம் 5.49 டாலருக்கு இருந்த சீரியல் பெட்டி இந்த வாரம் 2.50 டாலருக்கு இருக்கும், அடுத்த வாரம் பழையபடி ஏறிவிடும். இந்த ஏற்ற இறக்கம் பிடிபட்டால்தான், நாளிதழில் வரும் விலைக்குறைப்புச் சீட்டான கூப்பன் பிடிபடும்.

நான் நியூஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறேன். வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் எச்4 விசாவில் வந்த காலத்தில் எனக்கு வேலைக்குப் போக அனுமதி இல்லை. ஒரே சம்பளம். வாடகை, கார், ஊருக்கு அனுப்புவது எல்லாம் போக, என் கையால் மிச்சம் பிடிக்க முடிந்த இடம் மளிகைச் செலவு மட்டும்தான். அதை நான் என் வேலையாகவே எடுத்துக்கொண்டேன். இன்று வேலைக்குப் போகிறேன், ஆனாலும் கூப்பன் வெட்டுவதை விடவில்லை. கூப்பனில் மிச்சமான தொகையைப் பில்லில் பார்த்து அப்படியே தனி சேமிப்புக் கணக்குக்கு மாற்றுவது எங்கள் வீட்டு வழக்கம். ஊருக்குப் போகும் விமான டிக்கெட்டில் ஒரு பங்கு அதிலிருந்துதான் வரும்.

அதனால் இதைப் பொழுதுபோக்காக எண்ணிச் சொல்லவில்லை. முறையாகச் செய்தால் பலன் உண்டு என்று தெரிந்து சொல்கிறேன்.

கூப்பன் எங்கே வருகிறது

ஞாயிற்றுக்கிழமை நாளிதழுக்குள் பளபளப்பான தாளில் சின்னப் புத்தகம்போல ஓர் இணைப்பு இருக்கும். கூப்பன் வெட்டுகிறவர்கள் அதை இன்சர்ட் என்பார்கள். ஸ்மார்ட்சோர்ஸ் என்பது ஒன்று. ரெட்பிளம் என்று இன்னொன்று வந்துகொண்டிருந்தது. 2018-இல் அது ரீடெயில்மீநாட் எவ்ரிடே என்று பெயர் மாறி, பிறகு சேவ் என்று ஆனது. டைட், கிரெஸ்ட், பேம்பர்ஸ் எல்லாம் செய்யும் பி அண்ட் ஜி நிறுவனம் தன் பொருட்களுக்கு மட்டும் தனி இன்சர்ட் போட்டு வந்தது. பெயர்கள் இன்னும் மாறலாம், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சில ஊர்களில் இவை நாளிதழோடு வராது. வார நடுவில் கடை விளம்பரத் தாள்களோடு சேர்ந்து தபாலில் வரும். தபால் பெட்டியில் கிடக்கும் அந்தக் கட்டைப் பிரித்துப் பார்க்காமல் குப்பையில் போடாதீர்கள்.

நாளிதழ் வாங்குவதில் சில நுணுக்கங்கள் உண்டு. ஞாயிறு பதிப்பைச் சனிக்கிழமையே சில கடைகளில் விற்பார்கள். அந்த முன்பதிப்பில் இன்சர்ட் இல்லாமல் போகலாம். காசு கொடுக்கும் முன் தாளை லேசாக விரித்து உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். ஈஸ்டர், தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ் போன்ற விடுமுறை வார இறுதிகளில் பெரும்பாலும் இன்சர்ட் வராது. பகுதிக்குப் பகுதி கூப்பனும் மாறும்: நண்பர் வீட்டில் 2 டாலர் என்று வந்தது உங்களுக்கு 1 டாலர் என்று வரலாம்.

எங்கள் பக்கம் பல வீடுகளுக்கு ஸ்டார் லெட்ஜர்தான் ஞாயிறு நாளிதழாக இருந்தது. 2025 பிப்ரவரி 2-ஆம் தேதியோடு அதன் அச்சுப் பதிப்பு நின்றுவிட்டது. எனக்கு அது உண்மையாகவே வருத்தம்தான். ஆஸ்பரி பார்க் பிரஸ், ரெக்கார்ட் போன்றவை அச்சில் தொடர்கின்றன. எந்த நாளிதழானாலும் சந்தா கட்டும் முன் ஒரு மாதம் கடையில் வாங்கிப் பாருங்கள். எந்த வாரம் எந்த இன்சர்ட் வருகிறது என்று தெரிந்த பிறகு கட்டினால் போதும்.

இரண்டாவது பிரதி வாங்கலாமா என்று பலர் கேட்பார்கள். என் கணக்கு எளிது: அந்த இன்சர்ட்டில் நான் நிச்சயம் வாங்கப்போகும் பொருட்களின் கூப்பன்களை மட்டும் கூட்டுவேன். அந்தத் தொகை நாளிதழ் விலையைப்போல இரண்டு மடங்காவது வந்தால் இன்னொரு பிரதி வாங்குவேன். வராவிட்டால் ஒன்றே போதும். நாளிதழ் வாங்கியும் கூப்பன் வெட்டாத அக்கம்பக்கத்தாரிடம் கேட்டு வாங்குவது இதைவிட நல்லது. எங்கள் கட்டடத்தில் ஒரு முதிய அம்மா தன்னுடைய இன்சர்ட்டை எனக்குத் தருவார். நான் என்னுடையதிலிருந்து பூனை உணவு, இறைச்சிக் கூப்பன்களை அவருக்குத் தருவேன். பல பொது நூலகங்களிலும் கூப்பன் மாற்றிக்கொள்ளும் பெட்டி வைத்திருப்பார்கள். வேண்டாததைப் போட்டுவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

வந்த அன்றே பயன்படுத்தாதீர்கள்

எல்லாவற்றையும்விட இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கூப்பன் கைக்கு வந்ததும் கடைக்கு ஓடினால் பெரிய பலன் இல்லை. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

சீரியல் பெட்டி 5.49 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாங்கினால் 1 டாலர் குறைப்பு என்று கூப்பன். இன்றே போனால் 10.98-இல் 1 டாலர் போக 9.98 டாலர். அதே கூப்பனை வைத்திருந்து, பெட்டி 2.50 டாலருக்கு இறங்கும் வாரம் போனால் 5 டாலரில் 1 டாலர் போக 4 டாலர். கூப்பன் கொடுத்தது இரண்டு முறையும் 1 டாலர்தான். மீதி 5.98 டாலரைக் கொடுத்தது காத்திருப்பு. விலை இறங்கும் வாரமும் கூப்பன் காலாவதி ஆகாத வாரமும் ஒன்றாகச் சேரும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. கோப்பு, உறை, கத்தரிக்கோல் எல்லாம் அதற்குத் துணை.

விலை இறங்கியதா என்று தெரிய, வழக்கமான விலை தெரிந்திருக்க வேண்டும். ஒரு சின்ன நோட்டு போதும். என் அப்பா விருதுநகரில் மளிகைக் கடை வைத்திருந்தார். உளுந்து, துவரை, வற்றல் விலையைத் தினமும் காலையில் ஒரு நோட்டில் எழுதிவைப்பார். அதைப் பார்த்துத்தான் எப்போது மூட்டை இறக்குவது என்று முடிவெடுப்பார். அந்தப் பழக்கத்தைத்தான் இங்கே செய்கிறேன். நீங்கள் அடிக்கடி வாங்கும் இருபது, முப்பது பொருளுக்கு மேல் எழுத வேண்டாம். பொருள், அளவு, கடை, தேதி, விலை. கொஞ்ச நாளிலேயே ஒரு ஒழுங்கு தெரியவரும்: ஒவ்வொரு பொருளும் சில வாரங்களுக்கு ஒருமுறை அடிவிலைக்கு வந்து போகும். அந்த அடிவிலையை வட்டமிட்டு வையுங்கள். அதுதான் உங்கள் வாங்கும் விலை.

முன்பெல்லாம் கூப்பனுக்குச் சில மாதங்கள்கூட ஆயுள் இருக்கும். இப்போது பல கூப்பன்களுக்கு இரண்டு மூன்று வாரம்தான். அதனால் காத்திருக்கும் காலம் சுருங்கிவிட்டது. அடுக்கிவைக்கும் முறை முன்பைவிட முக்கியமாகிவிட்டது.

அடுக்கும் முறை

எல்லாக் கூப்பனையும் வெட்டி வகைவகையாகப் பிரித்து வைப்பது ஒரு முறை. மூன்று வளைய பைண்டரில், பேஸ்பால் அட்டை செருகும் ஒன்பது பை பிளாஸ்டிக் தாள்களைப் போட்டு, சீரியல் ஒரு பக்கம், சோப்பு ஒரு பக்கம் என்று அடுக்குவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஞாயிறு முழுவதும் அதிலேயே போய்விடும். வெட்டியதில் பெரும்பகுதி பயன்படாமலேயே காலாவதியாகும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நான் செய்வது இப்படி. இன்சர்ட் வந்ததும் அதன் முகப்பில் ஞாயிற்றுக்கிழமைத் தேதியைத் தடித்த மார்க்கரால் எழுதுவேன். எந்த இன்சர்ட், எந்தத் தேதி என்று அதன் மடிப்பு ஓரத்திலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும், ஆனால் அவசரத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. பிறகு நிதானமாக ஒருமுறை புரட்டி, எங்கள் வீட்டில் எப்போதும் வாங்கும் பொருட்களின் கூப்பனை மட்டும் வெட்டுவேன்: பற்பசை, துணி சோப்பு, பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கான சோப்பு, ஓட்ஸ், தயிர், வெண்ணெய். மீதி இன்சர்ட் முழுதாகவே தேதி வரிசையில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் போகும். புதியது முன்னால், பழையது பின்னால்.

பெட்டியில் இருக்கும் கூப்பன் தேவைப்பட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது? இணையத்தில் கூப்பன் பட்டியல் தளங்கள் இருக்கின்றன. பொருளின் பெயரைத் தட்டினால் எந்த இன்சர்ட், எந்த ஞாயிறு என்று சொல்லும். ஸ்மார்ட்சோர்ஸ் என்றால் அதன் முதலெழுத்துகள், பக்கத்தில் தேதி. பெட்டியில் அந்தத் தேதிக்குப் போய் அந்த ஒரு கூப்பனை மட்டும் வெட்டினால் போதும். ஞாயிறு வேலை அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

தேதியில் ஒரு எச்சரிக்கை. இங்கே மாதம் முன்னால், நாள் பின்னால். 03/05 என்றால் மார்ச் 5. நம் பழக்கத்தில் மே 3 என்று படித்து இரண்டு மாதம் இருக்கிறது என்று உட்கார்ந்துவிடக் கூடாது. ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரிடம் அடுக்கும் வேலையைக் கொடுத்தால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்பா வந்திருந்தபோது அவர்தான் என் கோப்பைப் பார்த்துக்கொண்டார். விளிம்பு பிசகாமல் அவர் வெட்டியதைப்போல எனக்கு இன்றுவரை வராது.

வெட்டியவற்றுக்கு ஆர்மோனியத் துருத்திபோல விரியும் சின்ன உறை ஒன்று வைத்திருக்கிறேன், கைப்பையில் அடங்கும் அளவு. அதைப் பொருள்வாரியாகப் பிரிக்காமல் கடையின் நடைபாதை வரிசைப்படி பிரித்திருக்கிறேன். நான் வழக்கமாகப் போகும் கடையில் முதலில் காய்கறி, அப்புறம் டப்பா உணவு, காலை உணவு, சோப்பு வகை, கடைசியில் பால் தயிரும் உறைந்த உணவும். உறையும் அதே வரிசை. வண்டியைத் தள்ளிக்கொண்டே முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாகப் புரட்டினால் போதும். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் சீக்கிரம் காலாவதியாவது மேலே. மாத முதல் தேதியில் காலாவதியானதை எல்லாம் எடுத்துவிடுவேன். உறையில் கடைசிப் பிரிவு ஒன்று காலியாக இருக்கும். பொருளை வண்டியில் போட்டதும் அதன் கூப்பன் அந்தப் பிரிவுக்குப் போகும். கவுண்டரில் தேட வேண்டியதில்லை.

வெட்டும்போது பார்கோடைத் தொடாதீர்கள், மடிக்கவும் வேண்டாம். நிறுவனம் எது, எத்தனை வாங்க வேண்டும், எவ்வளவு குறையும், எப்போது காலாவதி என்பதெல்லாம் அந்தக் கோடுகளுக்குள்தான் இருக்கிறது. புள்ளிக்கோட்டுக்கு வெளியே கொஞ்சம் இடம் விட்டு வெட்டுவது பாதுகாப்பு.

கூப்பனைப் படிப்பது

படத்தைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் படியுங்கள். படத்தில் எப்போதும் புதிதாக வந்த, விலை கூடிய வகையைத்தான் போடுவார்கள். கீழே எழுத்தில் இந்தப் பிராண்டில் எந்த வகையானாலும், 10 அவுன்சும் அதற்கு மேலும் என்று இருக்கும். அப்படியானால் அதே பிராண்டின் மலிவான வகைக்கும் அது செல்லும். பயணத்துக்கான சிறு அளவுக்குச் செல்லாது என்று போட்டிருந்தால் அதையும் கவனியுங்கள்.

ஒரு பர்ச்சேசுக்கு ஒரு கூப்பன் என்று பெரும்பாலானவற்றில் இருக்கும். ஒரு பொருளுக்கு ஒரு கூப்பன் என்றுதான் அதற்குப் பொருள். நான்கு பொருள் வாங்கினால் நான்கு கூப்பன் கொடுக்கலாம். ஒரு டிரான்சாக்‌ஷனுக்கு ஒன்று என்று இருந்தால் அது ஒரு பில்லுக்கு ஒன்று. இந்த வேறுபாடு தெரியாமல் பலர் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு மீதியை வீட்டில் வைத்துக் காலாவதியாக்குகிறார்கள்.

மேலே உற்பத்தியாளர் கூப்பன் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் அந்தப் பணத்தைக் கடைக்குத் தருவது தயாரித்த நிறுவனம். கூப்பன் தொகையோடு கையாளும் செலவுக்கு 8 சென்ட்டும் சேர்த்துத் தருகிறோம் என்று அடியில் பொடி எழுத்தில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். கூப்பன் நீட்டக் கூச்சப்படுகிறவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். நீங்கள் கடைக்காரரிடம் தள்ளுபடி கெஞ்சவில்லை. அவருக்கு வர வேண்டிய பணம் அவருக்கு வரத்தான் போகிறது.

கடையே வெளியிடும் கூப்பன் வேறு வகை. ஒரே பொருளுக்கு உற்பத்தியாளர் கூப்பன் ஒன்றும் கடைக் கூப்பன் ஒன்றும் சேர்த்துக் கொடுக்க அனுமதிக்கும் கடைகள் இருக்கின்றன. இரண்டு உற்பத்தியாளர் கூப்பனை ஒரே பொருளுக்குக் கொடுக்க முடியாது. கடையின் கைபேசிச் செயலியில் சேர்த்துக்கொள்ளும் டிஜிட்டல் கூப்பன்களிலும் பெரும்பாலானவை உற்பத்தியாளருடையவைதான். அதைச் சேர்த்துவிட்டால் அதே பொருளுக்குத் தாள் கூப்பன் எடுபடாது. எதில் தொகை அதிகம் என்று பார்த்து ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைகளும் அவற்றின் விதிகளும்

ஒவ்வொரு கடைக்கும் கூப்பன் விதி தனி. அது கடையின் இணையதளத்தில் இருக்கும். அதை அச்சிட்டு உறையின் பின்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சில கடைகள் 99 சென்ட் வரையுள்ள கூப்பனை இரட்டிப்பாக்கித் தரும். 75 சென்ட் கூப்பன் 1.50 டாலர் ஆகும். வடகிழக்கு மாநிலங்களில் ஒரு காலத்தில் இது பரவலாக இருந்தது, இப்போது குறைந்துவிட்டது. உங்கள் கிளையில் உண்டா என்று சேவை மேசையில் கேட்டுவிடுங்கள். கூப்பனிலேயே இரட்டிப்பு கூடாது என்று அச்சிட்டிருந்தால் எதிர்பார்க்க வேண்டாம்.

தெற்கே புளோரிடா பக்கம் இருப்பவர்களுக்குப் பப்ளிக்ஸ் கடை ஒரு கொடை. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற சலுகை அங்கே வாராவாரம் இருக்கும். இலவசமாக வருவதையும் தனிப் பொருளாகக் கணக்கிட்டு அதற்கும் ஒரு கூப்பன் எடுத்துக்கொள்வார்கள். ஜாக்சன்வில்லில் இருக்கும் என் தம்பி மனைவி அப்படி வாங்கும் ஓட்ஸ் விலையைச் சொல்லும்போது எனக்கு ஏக்கமாக இருக்கும்.

காஸ்ட்கோவிலும் ஆல்டியிலும் உற்பத்தியாளர் கூப்பன் எடுக்க மாட்டார்கள். நான் போகும் இந்தியக் கடைகளிலும் எடுப்பதில்லை. அங்கே வாங்கும் அரிசி, பருப்பு, புளி, மிளகாய்க்குக் கூப்பன் கிடையாது. பச்சைக் காய்கறிக்கும் வருவது அரிது. நம் வீட்டு மளிகையில் பாதிக்கு மேல் கூப்பனுக்கு அப்பாற்பட்டது. அதனால் தொலைக்காட்சியில் காட்டுவதுபோல வண்டி நிறையச் சாமானை இலவசமாகக் கொண்டுவருவோம் என்று எண்ணித் தொடங்காதீர்கள். பற்பசை, சோப்பு, ஷாம்பு, டயப்பர், சீரியல், தயிர், டப்பாக் கடலை, உறைந்த காய்கறி இவற்றில்தான் நமக்கு மிச்சம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் டயப்பர் ஒன்றே கூப்பன் கோப்புக்குப் போதுமான காரணம்.

அலமாரிச் சீட்டில் பெரிய எழுத்தில் இருக்கும் விலைக்குப் பக்கத்திலேயே அவுன்சுக்கு இவ்வளவு அல்லது பவுண்டுக்கு இவ்வளவு என்று சின்ன எழுத்தில் இருக்கும். நியூஜெர்சியில் இதைப் போடுவது சட்டப்படி கட்டாயம். கூப்பனோடு வாங்கும்போது இதை நீங்களே திருப்பிக் கணக்கிட வேண்டும். 18 அவுன்ஸ் பெட்டி 3.60 டாலர், 30 அவுன்ஸ் பெட்டி 5.40 டாலர் என்றால் பெரியதுதான் மலிவு: அவுன்சுக்கு 20 சென்ட்டுக்குப் பதில் 18 சென்ட். ஆனால் இரண்டுக்கும் செல்லும் 1 டாலர் கூப்பன் கையில் இருந்தால் சின்னது 2.60, பெரியது 4.40. இப்போது சின்னது 14.4 சென்ட், பெரியது 14.7 சென்ட். சின்னப் பெட்டி முந்திவிட்டது. பக்கத்தில் கடையின் சொந்தப் பெயரில் 18 அவுன்ஸ் 2.30 டாலருக்கு இருந்தால், அவுன்சுக்கு 12.8 சென்ட், கூப்பன் எதுவும் இல்லாமலேயே அது இரண்டையும் வென்றுவிடும். அப்படி இருக்கும் வாரத்தில் கூப்பனை உறைக்குள்ளேயே விட்டுவிடுங்கள்.

வரியையும் சொல்லிவிடுகிறேன். நியூஜெர்சியில் விற்பனை வரி 6.625 சதவீதம். பெரும்பாலான உணவுப் பொருளுக்கு வரி இல்லை, கழிப்பறைத் தாள், காகிதத் துவாலைக்கும் இல்லை. துணி சோப்புக்கு உண்டு. உற்பத்தியாளர் கூப்பன் கொடுத்தால் வரி முழு விலைக்கும் விழும், ஏனென்றால் கடைக்கு முழுப் பணமும் வந்துவிடுகிறது. 6 டாலர் சோப்புக்கு 2 டாலர் கூப்பன் கொடுத்தாலும் வரி 6 டாலருக்குத்தான், 40 சென்ட். பில்லில் தப்பு நேர்ந்துவிட்டதோ என்று கேஷியரிடம் வாதாட வேண்டாம்.

கவுண்டரில் கடையின் உறுப்பினர் அட்டையை முதலில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், பொருள்கள் எல்லாம் முடிந்த பிறகு கூப்பன்களைக் கொடுங்கள். கூட்டம் இல்லாத வார நாள் காலை நல்லது. ஒரு கூப்பன் ஏறவில்லை என்றால் பொருளையும் எழுத்தையும் சேர்த்துக் காட்டுங்கள். மேலாளர் ஒப்புக்கொண்டால் சரி, இல்லாவிட்டால் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். கூப்பன் போகாத பொருளைக் கூச்சத்துக்காக முழு விலைக்கு வாங்கி வர வேண்டாம். பில்லை கடை வாசலிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகு பார்த்தால் திரும்பிப் போக மனம் வராது.

சலுகைப் பொருள் தீர்ந்துபோயிருந்தால் சேவை மேசையில் ரெயின் செக் கேளுங்கள். சரக்கு வந்ததும் அதே சலுகை விலைக்குத் தருகிறோம் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அதோடு கூப்பனையும் சேர்த்துக் கிளிப் போட்டு உறையின் முன்பக்கம் வையுங்கள். ரெயின் செக் இருந்தாலும் கூப்பனின் காலாவதி நீளாது, அதனால் சீக்கிரம் போய்ப் பாருங்கள்.

எந்த மாதம் எது

ஆண்டுக்கு ஒரு சுற்று உண்டு, அது தெரிந்தால் நோட்டில் பாதி வேலை குறையும். ஜனவரியில் ஓட்ஸ், சீரியல், டப்பா உணவு. ஷாப்ரைட் கடை 1971 முதல் நடத்திவரும் கேன் கேன் என்ற டப்பா உணவுச் சலுகை விற்பனை அந்த மாதம்தான். கொண்டைக்கடலை, காராமணி, தக்காளி டப்பாக்களை நான் ஆண்டுக்கு வாங்குவது அப்போது. திடீரென்று விருந்தாளி வந்தால் சுண்டலுக்கும் குருமாவுக்கும் அந்த டப்பாதான் கைகொடுக்கும். மார்ச்சில் உறைந்த உணவு: பட்டாணி, பீன்ஸ், வெண்டைக்காய். ஜூலை, ஆகஸ்டில் பள்ளிச் சாமான்.

நவம்பரும் டிசம்பரும் நமக்கு வெண்ணெய் மாதங்கள். ஊர் முழுக்க கேக்கும் குக்கியும் செய்யும் காலம், அதனால் கடைகள் வெண்ணெய் விலையைப் போட்டி போட்டுக் குறைக்கும், கூப்பனும் வரும். உப்பு போடாத வெண்ணெயாகப் பார்த்து, கடை அனுமதிக்கும் அளவுக்கு வாங்கி ஃப்ரீசரில் வையுங்கள். பல மாதம் கெடாது. ஒரு பவுண்டு வெண்ணெயை உருக்கினால் ஏறத்தாழ முக்கால் பவுண்டு நெய் வரும். கொஞ்சம் முருங்கைக் கீரை கிடைத்தால் இறக்கும் நேரத்தில் போடுங்கள். கடையில் ஜாடியில் விற்கும் நெய்யின் விலையையும் மணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நம்மைப் போன்ற வீடுகளுக்குக் கூப்பனால் வரும் மிகப் பெரிய லாபம் இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

அடுத்த சுற்று வரும்வரை எவ்வளவு செலவாகுமோ அவ்வளவு மட்டும் வாங்குங்கள். அலமாரியைக் காலியாக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பின்னால் வருகிற ஒரு தாய்க்கும் அந்த டயப்பர் சலுகை தேவைப்படும். சர்க்கரை நிறைந்த பானம், குழந்தைகள் கேட்டு அழும் வண்ண வண்ணச் சீரியல், உறைந்த பீட்சா இவற்றின் கூப்பனை நான் வெட்டுவதே இல்லை. உறையில் இருந்தால் வண்டிக்குள் வந்துவிடும்.

செய்யக் கூடாதவை

கூப்பனை நகலெடுத்துக் கொடுப்பது மோசடி. வெட்டியதைக் காசுக்கு விற்றால் கூப்பன் செல்லாததாகிவிடும் என்று அதிலேயே எழுதியிருக்கும். வாட்ஸ்அப் குழுக்களில் 10 டாலர் சோப்புக்கு 9 டாலர் கூப்பன் என்று படம் வந்தால் தொடாதீர்கள். வர்ஜீனியாவில் போலிக் கூப்பன்களைத் தயாரித்து விற்ற ஒரு பெண்ணுக்கு 2021-இல் 12 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அந்த மோசடியின் மதிப்பு 3 கோடி டாலருக்கும் மேல். விசாவில் இருக்கும் நமக்குச் சின்ன வழக்கும் பெரிய சிக்கல். அடுத்தவர் வாசலில் கிடக்கும் நாளிதழிலிருந்தோ, கடையில் அடுக்கிய பிரதிகளிலிருந்தோ இன்சர்ட்டை மட்டும் உருவிக்கொள்வதும் திருட்டுத்தான்.

காலாவதியான கூப்பனைக்கூட வீணாக்க வேண்டாம். வெளிநாடுகளில் இருக்கும் அமெரிக்க ராணுவத் தளங்களின் கடைகளில் காலாவதித் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம்வரை உற்பத்தியாளர் கூப்பனை எடுத்துக்கொள்வார்கள். அங்கே இருக்கும் ராணுவக் குடும்பங்களுக்கு அனுப்பிவைக்கப் பல ஊர்களில் தன்னார்வக் குழுக்கள் திரட்டுகின்றன. தபாலில் போய்ச் சேர நாளாகும் என்பதால் காலாவதியாகி ஒன்றிரண்டு மாதத்துக்கு உள்ளானதை மட்டும் எடுங்கள். உணவுப் பொருள் ஒரு கட்டு, மற்றவை ஒரு கட்டு என்று பிரித்து ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தால் அவர்களுக்கு வேலை எளிதாகும். மாத முதல் தேதியில் உறையைச் சுத்தம் செய்யும்போதே இதையும் முடித்துவிடலாம்.